மரியாதை தெரிந்தவருக்கு இங்கிதம் தெரியாமல் போகுமா?

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்ட அளவில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். வெளி மாநிலத்தில் வளர்ந்து, திருமணத்துக்குப் பின் குடியாத்தத்துக்கு வந்திருக்கிறீர்கள். கணவர் வீட்டு உறவில் நடந்த ஒரு நிச்சயதார்த்தத்தில் பெரியவர்களைக் கண்டதும் எழுந்து நின்றீர்கள். காலில் விழுந்து ஆசி வாங்கினீர்கள். வயதில் சிறியவர்களைக்கூட வாங்க, போங்க என்றே அழைத்தீர்கள். பந்திக்கு முன்னால், கூடத்தில் பலர் அமர்ந்திருக்கையில், அந்த வீட்டு அம்மாளிடம், "பெரிய பொண்ணுக்கு இன்னும் முடியலைங்களா?" என்று அக்கறையோடு கேட்டீர்கள். அன்று மாலை கணவரின் அத்தை உங்களைத் தனியே சமையலறைக்கு அழைத்து, "மரியாதை தெரிஞ்ச பொண்ணுதாம்மா நீ, இங்கிதந்தான் கொஞ்சம் பத்தல" என்றார். அகராதியில் இரண்டு சொல்லுக்கும் நன்னடத்தை என்ற பொருள் இருக்க, ஒன்று இருந்து மற்றொன்று இல்லாமல் போவது எப்படி, அத்தை சொன்னது பாராட்டா குறையா, எழுதும்போது ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போடலாமா என்பன உங்கள் கேள்விகள். இவற்றுக்கு அடியில் இருப்பது ஒரே கேள்வி என்று எனக்குப் படுகிறது: செய்ய வேண்டிய முறைகள் எல்லாவற்றையும் பிசகாமல் செய்த ஒருவர், அப்படியும் பிறர் மனத்தைப் புண்படுத்திவிட முடியுமா என்பதே அது. முடியும், தமிழர் அதை நெடுங்காலமாக அறிந்திருப்பதால்தான் இரண்டு சொற்களும் வழக்கில் நிற்கின்றன.

நான் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்துப் பள்ளிகளில் தமிழாசிரியராகப் பணி செய்தவன். ஓய்வுக்குப் பின் வேலூரில் உள்ள அச்சகங்களுக்குத் திருமண அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி, கோயில் விழா அறிக்கை ஆகியவற்றுக்குப் பிழை திருத்திக் கொடுத்து வருகிறேன். ஆகவே சொற்களின் பிறப்பைப் பற்றி நான் சொல்வது நூல்களிலிருந்தும், வழக்கைப் பற்றிச் சொல்வது பாலாற்றங்கரை ஊர்களின் பேச்சிலிருந்தும் வருவது. கொங்கு நாட்டிலோ நெல்லையிலோ இச்சொற்களின் எடை சிறிது வேறுபடலாம். அங்குள்ளோர் திருத்தினால் ஏற்றுக்கொள்வேன்.

ஒரு சொல்லின் பொருளை அறிய அகராதிக்குப் போவதற்கு முன், அது எந்த வினைகளோடு சேர்கிறது என்று பார்ப்பது நல்லது என்று மாணவர்களுக்குச் சொல்வேன். மரியாதையைக் கொடுக்கிறோம், செய்கிறோம், செலுத்துகிறோம், காட்டுகிறோம். எதிர்பார்க்கிறோம், கேட்டு வாங்குகிறோம். ஒருவருக்கு மரியாதை கூடுகிறது, குறைகிறது, கெடுகிறது. "மரியாதையாப் போயிடு" என்று மிரட்டவும் அச்சொல் உதவுகிறது. அரசு மரியாதை உண்டு, கோயில் மரியாதை உண்டு, பரிவட்டமும் மாலையுமாகக் கையில் வாங்கக்கூடிய முதல் மரியாதை உண்டு. இங்கிதத்துக்கு இவற்றுள் ஒன்றும் பொருந்தாது. எவரும் எவருக்கும் இங்கிதம் கொடுப்பதில்லை, செலுத்துவதில்லை. இங்கிதம் தெரிகிறது அல்லது தெரியவில்லை. ஒருவர் இங்கிதம் அறிந்து பேசுகிறார், இங்கிதமாக நடந்துகொள்கிறார். அதாவது மரியாதை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செல்லும் பொருளாகத் தமிழில் நடத்தப்படுகிறது. இங்கிதம் ஒருவருக்குள் இருக்கும் அறிவாக நடத்தப்படுகிறது. சுயமரியாதை என்ற தொடர் இயல்பாக அமைந்ததும், சுய இங்கிதம் என்ற தொடர் எவர் வாயிலும் வராததும் இதனால்தான். தனக்குரியதைத் தான் விட்டுக்கொடுக்காமல் வைத்துக்கொள்ளலாம். இங்கிதத்துக்கோ எதிரே இன்னொருவர் இருந்தாக வேண்டும்.

இரண்டும் வடமொழியிலிருந்து வந்த சொற்களே. மரியாதைக்கு மூலமான சொல்லின் முதற்பொருள் எல்லை, கரை என்பது. நீர் எதுவரை வரலாம் என்று தடுத்து நிற்பது கரை. அதிலிருந்து மனிதர் மீறக் கூடாத வரம்பு, அதிலிருந்து வழிவழி வந்த வழக்கம், அதிலிருந்து வழக்கப்படி ஒருவருக்குச் சேர வேண்டிய சிறப்பு என்று பொருள் நகர்ந்திருக்கிறது. கல்வெட்டுகளிலும் பழைய ஆவணங்களிலும் 'பூர்வ மரியாதை' என்று வந்தால் பழைய வழக்கம் என்றே பொருள். அங்கே வணக்கத்துக்கோ பணிவுக்கோ இடமில்லை. இந்த வேர்ப்பொருள் இன்றும் சாகவில்லை. "மரியாதை கெட்டுடும்" என்று ஒருவர் எச்சரிக்கும்போது, நீ ஒரு கோட்டைத் தாண்டப் போகிறாய் என்றுதான் சொல்கிறார். கோடு என்று ஒன்று இருந்தால் அதை எல்லோருக்கும் தெரியும்படி அறிவிக்கலாம், தாண்டியவரைத் தண்டிக்கவும் செய்யலாம். வேலூருக்கு மேற்கே விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் கோயிலில் விஜயநகர மன்னர் தேவராயர் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது; சக ஆண்டு 1347, அதாவது பொது ஆண்டு 1425-26. படைவீட்டு ராஜ்யத்தில் இருந்த தமிழ், கன்னட, தெலுங்கு, லாட (குஜராத்துப் பகுதி) அந்தணர்கள் கூடி, இனித் திருமணத்தைக் கன்னிகாதானமாகவே செய்வது, பெண்ணுக்காகப் பொன் கொடுப்பவரும் வாங்குபவரும் அரச தண்டனைக்கு உள்ளாகிச் சமூகத்தினின்றும் விலக்கப்படுவர் என்று எழுதிக் கையொப்பமிட்ட உடன்பாடு அது. மரியாதை என்ற சொல்லுக்குச் சான்றாக நான் அதைக் காட்டவில்லை. மரியாதை எப்படிப்பட்ட பொருள் என்பதற்காகவே காட்டுகிறேன். கூடிப் பேசி, கல்லில் வெட்டி, மீறினால் இன்னது என்று சொல்லக்கூடியது அது. பெண்ணைப் பெற்றவரிடம் எந்தப் பேச்சை எந்த நேரத்தில் எடுக்கக் கூடாது என்பதை எந்த மகாசபையாலும் கல்லில் வெட்டி வைக்க முடியாது.

இங்கிதம் முற்றிலும் வேறு இடத்திலிருந்து வந்தது. அசைதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்து, உடல் அசைவு, சைகை, உள்ளத்தில் இருப்பதை வெளிப்படுத்தும் குறிப்பு என்று பொருள்பட்ட சொல் அது. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் மந்திராலோசனை பற்றிச் சொல்லும் பகுதியில், இயல்புக்கு மாறாக நடப்பது இங்கிதம் என்று அதற்கு விளக்கமே தருகிறது. மநு நூலின் 7ஆம் அத்தியாயம், இங்கிதமும் முகக்குறியும் செயலும் கண்டு உணரத்தக்கவனைத் தூதனாக அமர்த்த வேண்டும் என்கிறது. ஆக, பழைய நூல்களில் இங்கிதம் பிறரிடம் தோன்றும் குறிப்பு. அதைப் படிக்கத் தெரிவது அரசவையில் பிழைப்பதற்கான திறமை. தமிழில் இந்தச் சொல் அரசவையை விட்டு வீட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டது. பிறர் குறிப்பை அறிதல் என்பதிலிருந்து, அறிந்து அதற்கேற்ப நடத்தல் என்பதாகி, இன்று அந்த நடத்தைக்கே பெயராகியிருக்கிறது. இந்த நகர்வு எந்த நூற்றாண்டில் நடந்தது என்று நாள் குறிக்க நான் துணியமாட்டேன். நகர்ந்த திசையில் மட்டும் ஐயமில்லை. வள்ளுவர் குறிப்பறிதல் என்ற ஒரே பெயரில் இரண்டு அதிகாரங்கள் வைத்தார்: 71ஆம் அதிகாரம் அமைச்சனுக்கு, 110ஆம் அதிகாரம் காதலனுக்கு. "கூறாமை நோக்கிக் குறிப்பறிவான் எஞ்ஞான்றும் மாறாநீர் வையக் கணி" என்பது முன்னதன் தொடக்கக் குறள். கூறாமை நோக்குதல் என்ற தொடரை விட நெருக்கமாக இன்றைய இங்கிதத்தைச் சொல்லும் தொடரை நான் கண்டதில்லை. எதிரில் இருப்பவர் சொல்லாமல் விட்டதைப் பார்க்க வேண்டும். மரியாதைக்கு அந்தப் பார்வை தேவைப்படுவதில்லை, அவர் யார் என்று தெரிந்தால் போதும்.

இவ்விரண்டு கடன்சொற்களும் வருவதற்கு முன்பே தமிழ் இலக்கணம் இந்த வேறுபாட்டை உணர்ந்திருந்தது. ஒருவரைப் பன்மையால் கூறுவதைத் தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் "வழக்கினாகிய உயர்சொற் கிளவி" என்கிறது. நாம் மரியாதைப் பன்மை என்று சொல்வது அதுவே. எச்சவியலிலோ "அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்" என்று, அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்லும் நெறி வேறாகக் கூறப்படுகிறது. பிற்காலத்து நன்னூல் இடக்கரடக்கல், மங்கலம் என்று அதை விரித்துத் தகுதி வழக்கு என்னும் வகையில் வைத்தது. இலக்கணிகள் உயர்சொல்லையும் தகுதியையும் ஒரே நூற்பாவில் கட்டவில்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. முன்னது, ஆளுக்கு ஏற்ற சொல். பின்னது, அவைக்கு ஏற்ற சொல். நிச்சயதார்த்தக் கூடத்தில் நீங்கள் அந்த அம்மாளுக்கு ஏற்ற சொல்லைத் தேர்ந்தீர்கள். 'முடியலைங்களா' என்பதில் உள்ள 'ங்க' அதற்குச் சாட்சி. ஆனால் அந்தக் கேள்வி அவைக்கு ஏற்றதாக இல்லை.

நம் பழைய மாவட்டத்தில் பக்கத்து வீட்டு மொழிகளைக் கேட்டாலும் இந்த வேறுபாடு தெரியும். குடியாத்தம், காட்பாடிப் பக்கத்தில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் ஏராளம். தெலுங்கில் மரியாத என்பது விருந்தினருக்குச் செய்யும் உபசரிப்பையும் சேர்த்துக் குறிக்கும். 'இங்கித ஞானம்' என்பதோ நடைமுறை அறிவு, சொல்லாமலே தெரிந்துகொள்ள வேண்டிய அறிவு. "இங்கித ஞானம் லேதா?" என்று ஒரு தெலுங்குத் தாய் மகனைக் கடிந்தால், உனக்காகத் தெரிய வேண்டாமா என்று பொருள். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் ஊர்களில் உருது பேசுவோரிடம் அதப், தமீஸ் என்று இரண்டு சொற்கள் உண்டு. பெரியவர் முன் எப்படி நிற்பது, எப்படி அமர்வது, எப்படி விளிப்பது என்ற பயிற்சியெல்லாம் அதப். தமீஸ் என்பது பிரித்தறிதல் என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து வந்தது. இன்றைய பேச்சில் இரண்டும் பெருமளவு கலந்துவிட்டன என்றாலும், வேரைப் பார்த்தால் மரியாதையும் இங்கிதமும் நிற்கிற அதே தூரத்தில்தான் அவையும் நிற்கின்றன.

வேலூரில் இருப்போர் அன்றாடம் காணும் ஒரு காட்சியைச் சொல்கிறேன். இங்கிதம் மரியாதையின் துணையில்லாமலே நிற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று என்னிடம் இல்லை. சிஎம்சி மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். காந்தி சாலைப் பக்கத்து விடுதிகளில் தங்குகிறார்கள். அங்கே வேலை செய்யும் நம் ஊர்க்காரர் பலருக்குத் தெரிந்தது பேசிப் பேசிப் பிடிபட்ட இந்தி. அதில் 'ஆப்' வர வேண்டிய இடத்தில் 'தும்' வந்துவிடும். இந்தி இலக்கணப்படி பார்த்தால் வயதான நோயாளியை ஒருமையில் அழைப்பது போன்ற குறை அது. ஆனால் அதே மனிதர், "எத்தனை நாள் ரூம் வேணும்?" என்று கேட்பாரே தவிர, என்ன நோய் என்று கேட்கமாட்டார். வந்தவர் அறிக்கை உறையைக் கவிழ்த்துப் பிடித்திருந்தால் அந்தப் பக்கம் பார்வையைத் திருப்பமாட்டார். அடுப்பு உள்ள அறையைக் காட்டி, கீழே காய் கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போவார். சொல்லில் மரியாதை தவறியது. இங்கிதத்தில் ஒரு குறையும் இல்லை. அதே மருத்துவமனை வார்டுக்குப் பழப்பையோடு வந்து, கைகூப்பி, செருப்பை வெளியே விட்டு, நோயாளியின் தகப்பனாருக்கு உரிய வணக்கமெல்லாம் செலுத்திய பிறகு, "எங்க சித்தப்பாவுக்கும் இதேதாங்க, ஆறு மாசந்தான் இருந்தாரு" என்று சொல்லும் உறவினரையும் நாம் பார்த்திருக்கிறோம். அவரிடம் மரியாதைக்குக் குறைவில்லை. இங்கிதம் மருந்துக்கும் இல்லை.

இன்னும் நுணுக்கமான நிலை ஒன்று உண்டு: மரியாதையின் விதியே ஒருவரைப் புண்படுத்தும்போது இங்கிதம் என்ன செய்யும் என்பது. அழைப்பிதழ் திருத்தும் வேலையில் இது அடிக்கடி எதிர்ப்படும். யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே, தாய்மாமன் பெயருக்கு எந்த அளவு எழுத்து, மறைந்த பாட்டனாருக்கு அமரரா தெய்வத்திருவா என்பதெல்லாம் மரியாதை. இதில் ஒரு வரி பிசகினால் ஒரு கிளையே திருமணத்துக்கு வராமல் நின்றுவிடும். தந்தை இறந்திருந்தால் பெரியப்பா அல்லது தாய்மாமன் பெயரில் அழைப்பதும், கைம்பெண்ணான தாயின் பெயரை விட்டுவிடுவதும் நெடுங்கால வழக்கமாக இருந்தது. அப்படி எழுதிய ஒரு கையெழுத்துப் படியோடு மணமகளின் பெரியப்பா ஓர் அச்சகத்துக்கு வந்திருந்தார். பெண்ணின் தாய் பக்கத்தில் எதுவும் பேசாமல் நின்றிருந்தார். அச்சக உரிமையாளர் படியை வாங்கிப் படித்தார், தாயின் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் இரண்டு மாதிரிகள் எடுத்து வைத்திருந்தார். ஒன்று எழுதிக் கொடுத்தபடி. மற்றொன்றில் தாயின் பெயர் பெற்றோர் வரியிலும், பெரியப்பாவின் பெயர் அழைப்பவர் வரியில் பெரிய எழுத்திலும் இருந்தன. "ரெண்டுல எது லட்சணமா இருக்குன்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க ஐயா" என்று பெரியப்பாவிடம் நீட்டினார். பெரியவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு இரண்டாவதை எடுத்துக்கொண்டார். வழக்கம் தவறு என்று அந்த இடத்தில் வாதாடியிருந்தால் பெரியவர் மரியாதை கெட்டிருக்கும், தாயும் கூசிப்போயிருப்பார். விதிப்படி அச்சடித்திருந்தால் பெற்ற தாய் தன் மகள் கல்யாணப் பத்திரிகையில் இல்லாமல் போயிருப்பார். இரண்டையும் தவிர்த்தது இங்கிதம். இன்று தாயின் பெயரை முதல் வரியிலேயே போடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

குறிப்பை அறியாமல் மரியாதையை மட்டும் வற்புறுத்தினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வேலூர்க் கோட்டையே சான்று. 1805 நவம்பரில் சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிராடக் சிப்பாய்களின் தோற்றத்தை ஒழுங்கு செய்ய விரும்பினார். அணிவகுப்பில் சமயக் குறிகளும் காதணிகளும் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் பட்டை வைத்த புதிய தலைப்பாகையை அணிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆணையிட்டவர்கள் பார்வையில் அது படையின் ஒழுங்கு, தலைவருக்குக் காட்ட வேண்டிய கீழ்ப்படிதல். அணிய வேண்டியவர்களுக்கு அது தம் சமயத்தின் மேல் வைத்த கை. 1806 மே மாதத்திலேயே சிப்பாய்கள் தலைப்பாகையை மறுத்தார்கள். மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. அந்த முணுமுணுப்பை, பழைய நூல்கள் சொல்லும் பொருளில் அந்த இங்கிதத்தை, எவரும் படிக்கவில்லை. ஜூலை 10 விடியற்காலையில் கோட்டைக்குள் எழுச்சி வெடித்தது. திப்பு சுல்தானின் பிள்ளைகள் அங்கே காவலில் இருந்தது முதலாகக் காரணங்கள் வேறும் உண்டு; உடைவிதி ஒன்றே காரணம் என்று சொல்வது சரித்திரத்தைச் சுருக்குவதாகும். ஆயினும் அந்த உத்தரவு கைவிடப்பட்டதும், கிராடக்கும் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டதும், ஆட்சியாளர்களே அதன் பங்கை ஒப்புக்கொண்டதைக் காட்டுகின்றன.

இவ்வளவு சொல்வதால் மரியாதை தாழ்ந்தது, இங்கிதம் உயர்ந்தது என்று நான் கருதுவதாக எண்ண வேண்டாம். இரண்டிலும் ஆபத்து உண்டு. மரியாதை எல்லை என்பதால், அந்த எல்லையை யார் வரைந்தார்கள் என்ற கேள்வி எப்போதும் இருக்கும். நம் ஊர்களில் யார் தோளில் துண்டு போடலாம், யார் எந்தத் தெருவில் செருப்போடு நடக்கலாம் என்பதெல்லாம் ஒரு காலத்தில் மரியாதை என்ற பெயரிலேயே காக்கப்பட்டன. பிறப்பால் தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்டவர் கொடுக்கவே வேண்டும், வாங்கவே கூடாது என்ற மரியாதை அது. 1925இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கம் அந்தச் சொல்லையே கையில் எடுத்தது பொருத்தமானது என்று நான் எண்ணுகிறேன். எல்லோருக்கும் கொடுக்கப்படாத வரை மரியாதை என்பது வெறும் வேலிதான். இங்கிதத்தின் ஆபத்து வேறு வகை. "சபையில போய் அதைக் கேக்கலாமா, இங்கிதம் வேணாமா?" என்று சொல்லி, கேட்டே ஆக வேண்டிய கேள்விகளை அடக்கிவிடலாம். வரதட்சிணை பற்றிப் பேச்சு வரும்போது பெண் வீட்டாரின் வாயை இந்தச் சொல் அடைத்ததைக் கண்டிருக்கிறேன். அங்கே இங்கிதம் யாருடைய மனத்தைக் காக்கிறது என்று பார்க்க வேண்டும். வலுத்தவர் சங்கடப்படாமல் இருக்க எளியவர் மௌனமாக இருப்பதை இங்கிதம் என்று நான் ஏற்பதில்லை.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி உறுதியானது. உறுதி குறைந்த இடங்கள் சில. இளைஞர்களின் பேச்சில் இங்கிதம் என்ற சொல்லே அரிதாகி வருகிறது. இரண்டு பொருளையும் மரியாதை என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள், அல்லது "எடம் பொருள் தெரியல" என்கிறார்கள். நம் பக்கத்துக் கிராமங்களில் "வெவஸ்த கெட்டவன்" என்பதுதான் அதிகம் கேட்கும். விவஸ்தை என்பது ஏற்பாடு, விதி என்ற பொருளில் உத்தரமேரூர்க் கல்வெட்டிலேயே வரும் சொல். வேரைப் பார்த்தால் மரியாதையின் பக்கமும், இன்றைய வழக்கைப் பார்த்தால் இங்கிதத்தின் பக்கமும் சாய்கிறது. அதை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்று என்னால் அறுதியிட முடியவில்லை. நாசூக்கு என்பது மென்மை என்னும் பொருளுடைய பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. அது பெரும்பாலும் சொல்லும் விதத்தைக் குறிக்கும். கசப்பான செய்தியை நாசூக்காகச் சொல்லலாம். அதைச் சொல்லாமலே விடுவது நல்லது என்று தெரிவது இங்கிதம். நாகரிகம் என்பதை இன்று நகர வாழ்வோடு சேர்த்துப் பேசுகிறோம் என்றாலும், "பெயக்கண்டும் நஞ்சுண் டமைவர் நயத்தக்க நாகரிகம் வேண்டு பவர்" என்ற குறள் கண்ணோட்டம் (பிறரிடம் காட்டும் இரக்கம்) என்னும் அதிகாரத்தில் இருக்கிறது. அங்கே நாகரிகம் என்பதற்குக் கண்ணோட்டம் என்றே பரிமேலழகர் உரை கொள்கிறார். பழைய நாகரிகம் இங்கிதத்துக்கு மிக அருகில் இருந்தது. இன்றைய நாகரிகம் தள்ளிப் போய்விட்டது.

இனி அத்தை சொன்னது. அது பாராட்டும் குறையும் சேர்ந்ததுதான். முதற்பாதியை வெறும் முன்னுரையாக நினைத்துத் தள்ளிவிடாதீர்கள். புதிதாக வந்த பெண் முறைகளைக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்ற நிறைவு அதில் இருக்கிறது. இரண்டாம் பாதியிலும் அவர் இங்கிதம் இல்லை என்று சொல்லவில்லை, கொஞ்சம் பத்தவில்லை என்றார். 'கொஞ்சம்' என்பதும், கூடத்தில் சொல்லாமல் சமையலறைக்கு அழைத்துச் சொன்னதும் அவருடைய இங்கிதம். மரியாதையைச் சொல்லிக்கொடுத்து வரவழைக்கலாம். இங்கிதம் ஒரு வீட்டின் கதைகள் தெரியத் தெரியத்தான் வரும். அந்தப் பெரிய பெண்ணுக்கு எத்தனை இடம் வந்து தட்டிப்போயிற்று என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. பிறர் சொல்லாத வரை திருமணம், குழந்தை, சம்பளம், நோய் ஆகியவற்றைப் பலர் முன் எடுக்காமல் இருந்தால், தெரியாத வீட்டிலும் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். அந்த அம்மாளிடம் போய் மன்னிப்புக் கேட்கலாமா என்றும் கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். வேண்டாம் என்பது என் கருத்து. கேட்டால் அந்தப் பேச்சை மறுபடி அவர் முன் வைத்ததாகிவிடும். அடுத்த முறை பார்க்கும்போது அந்தப் பெண்ணிடமே அவள் வேலையைப் பற்றி, படிப்பைப் பற்றி இயல்பாகப் பேசுங்கள். தாய் அதைக் கவனிப்பார்.

எழுத்தில் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போடலாமா என்றால், போடக் கூடாது. அமைச்சரை ஆட்சியர் சந்தித்தது மரியாதை நிமித்தம். அதை இங்கித நிமித்தம் என்று எழுத முடியாது. மறைந்த தலைவரின் உடல் அரசு மரியாதையோடு அடக்கம் செய்யப்படுகிறது; துக்க வீட்டில் செய்தியாளர் ஒலிவாங்கியை நீட்டாமல் ஒதுங்கி நின்றால் அது இங்கிதம். ஆசிரியரை மாணவர் எழுந்து வணங்குவது மரியாதை. கட்டணம் கட்டாத மாணவனின் பெயரை வகுப்பில் படிக்காமல் ஆசிரியர் தனியே அழைத்துச் சொல்வது இங்கிதம், அதை மரியாதை என்று எழுதினால் பொருள் பாதியாகிவிடும். எந்தச் சொல் பொருந்தும் என்று ஐயம் வந்தால், அந்த வாக்கியத்தில் 'கொடுத்தார்' என்ற வினையை வைத்துப் பாருங்கள். அது நின்றால் மரியாதை, நிற்காமல் 'அறிந்து நடந்தார்' என்று கேட்டால் இங்கிதம்.